டிஸ்க் வேகத்தை அளக்க எந்தக் கருவி? டிடி முதல் ஃபியோ வரை

சில வருடங்களுக்கு முன் என் பொறுப்பில் இருந்த சர்வர் ஒன்றில் டேட்டாபேஸ் இழுத்துக்கொண்டே இருந்தது. சிபியு பாதிக்கு மேல் சும்மா கிடந்தது, ரேம் 64 ஜிபி இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு கமிட்டும் (மாற்றங்களை நிலையாகப் பதியும் படி) நொண்டியது. டிஸ்க் மேல் சந்தேகம் வந்ததும் கை தானாக டிடிக்கு, அதாவது டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளைக்கு, போனது. பூஜ்யங்களை அள்ளித் தரும் டெவ் ஜீரோவிலிருந்து 1 ஜிபி எடுத்து ஒரு ஃபைலில் எழுதச் சொன்னேன். என்ட்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. விநாடிக்கு 1.6 ஜிபி! டிஸ்க் பறக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் கொயரிகளைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அது ஒரு சாட்டா எஸ்எஸ்டி. சாட்டாவின் உச்ச வேகம் விநாடிக்கு 6 கிகாபிட். கம்பியில் போகும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 மட்டுமே டேட்டா என்பதால், விநாடிக்கு 600 எம்பிக்கு மேல் அந்த வழியாக எதுவும் போக முடியாது. நடைமுறையில் 550ஐத் தொட்டாலே நல்ல டிஸ்க். அப்படியானால் 1.6 ஜிபி எங்கிருந்து வந்தது? ரேமிலிருந்து. எழுதச் சொன்னதை லினக்ஸ் முதலில் ரேமிலுள்ள பேஜ் கேஷில் வைத்துக்கொண்டு 'ஆச்சு' என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்குத் தள்ளுவதெல்லாம் அப்புறம்தான். காத்திருக்கும் டேட்டா கைவசமுள்ள மெமரியில் 10 விழுக்காட்டைத் தாண்டும்போதோ, அரை நிமிடம் பழசாகும்போதோதான் பின்னணியில் தள்ளத் தொடங்கும் என்பது வழக்கமான அமைப்பு. 64 ஜிபி ரேமில் அது ஆறு ஜிபியை ஒட்டி வரும். நான் எழுதிய 1 ஜிபி டிஸ்க் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. டிடியைக் குறை சொல்ல முடியாது. நான் ரேமைப் பற்றிக் கேட்டேன், அது ரேமைப் பற்றிச் சொன்னது.

டிஸ்க்கை அளக்க லினக்ஸில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. டிடி, எச்டிபார்ம், ஐஓபிங், போனி பிளஸ் பிளஸ், சிஸ்பெஞ்ச், ஃபியோ என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாமே ஓர் எண்ணைத் தரும். ஆனால் ஒவ்வொன்றும் பதில் சொல்லும் கேள்வி வேறு. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட்டிங் மாற்றலாமா, டிஸ்க் மாற்றலாமா என்று ஒரு முடிவெடுக்க வேண்டுமென்றால் ஃபியோ. ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடிக்க ஐஓபிங். பெரிய ஃபைல்களை நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் டிடி போதும். மற்றவற்றை நான் அதிகம் தொடுவதில்லை.

எந்த எண் வேண்டும்?

கருவிக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. தேவையான இடம் தலைக்குக் கீழே வந்துசேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர மேலும் எட்டு, ஒன்பது மில்லி விநாடி. ஆக ஒரு ரேண்டம் ரீடுக்கு, அதாவது எங்கோ ஓரிடத்துக்குத் தாவிப் படிக்க, பதின்மூன்று மில்லி விநாடி வரை ஆகிறது; விநாடிக்கு 80 தடவைக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் 4 கேபி படித்தால் மொத்தம் 320 கேபி. அதே டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 200 எம்பி சாதாரணமாக வரும். ஒரே டிஸ்க், அறுநூறு மடங்கு வித்தியாசம். 'டிஸ்க் எவ்வளவு வேகம்?' என்ற கேள்விக்கே அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை என்பதால் இந்தப் பள்ளம் குறுகிவிட்டது. ஆனால் அங்கே வேறொரு வித்தை நடக்கிறது. ஒரு ரீடுக்கு 100 மைக்ரோ விநாடி ஆகிற என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்புள்ள எஸ்எஸ்டி) டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பேன் என்றால் விநாடிக்கு 10,000 ரீடுகள் கிடைக்கும். ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, தாமதமும் ஏறாமல் இருந்தால், அதே டிஸ்க் 3,20,000 தரும். வரிசையில் நிற்கும் இந்த எண்ணிக்கையைத்தான் க்யூ டெப்த் என்கிறார்கள். டிஸ்க் பெட்டியில் லட்சக்கணக்கில் அச்சடித்திருக்கும் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை ரீட், ரைட்) எண் ஆழமான வரிசைகளைப் பல திரெட்டுகளில் ஓட்டி எடுத்தது. உங்கள் அப்ளிகேஷன் ஒரே திரெட்டில் ஒவ்வொன்றாகக் கேட்கிற ரகம் என்றால் அந்த எண் உங்களுக்கில்லை.

ஆக, உங்கள் சர்வர் எந்த அளவுத் துண்டுகளாக, எத்தனை கோரிக்கைகளை ஒன்றாக நிறுத்தி, எவ்வளவு படித்து எவ்வளவு எழுதுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கு பெஞ்ச்மார்க் எதுவும் வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் நிலவரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் போதும். விரிவான காட்சிக்கான எக்ஸ் ஆப்ஷனைச் சேர்த்து, பரபரப்பான நேரத்தில் ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு கோரிக்கையின் சராசரி அளவு, க்யூவின் சராசரி நீளம், ரீடுக்கும் ரைட்டுக்கும் தனித்தனியாக எத்தனை மில்லி விநாடி என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கடைசியில் நிற்கும் 'யூட்டில்' விழுக்காட்டை மட்டும் நம்ப வேண்டாம். 100ஐக் காட்டினால் டிஸ்க் நிரம்பி வழிகிறது என்பது ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் பழைய டிஸ்க்குக்குச் சரி. ஒரே சமயத்தில் பலவற்றைக் கவனிக்கும் எஸ்எஸ்டியும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டும் 100ஐக் காட்டிக்கொண்டே இன்னும் பல மடங்கு தாங்கும்.

டிடி: பழகிய கை

டிடியின் பெரிய பலம், எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் அது இருக்கும் என்பது. எதையும் நிறுவ அனுமதியில்லாத இடத்தில் அதுவே கதி. ஆனால் சும்மா ஓட்டினால் என் கதைதான் உங்களுக்கும். எழுதி முடித்ததும் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லும் எஃப்டேட்டாசிங்க் ஆப்ஷனைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். பேஜ் கேஷையே சுற்றிக்கொண்டு போக டைரக்ட் என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கையும் எழுதியதும் சிங்க் செய்ய, அதாவது டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்ய, டிசிங்க். மூன்றும் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும், ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. பிளாக் அளவைச் சொல்லாவிட்டால் 512 பைட் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் அளப்பது டிஸ்க்கை அல்ல, லினக்ஸின் மையமான கெர்னலை எத்தனை முறை தட்டி எழுப்ப முடியும் என்பதை.

இன்னொரு பொறி, டெவ் ஜீரோ. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் கம்ப்ரஷன் போட்டிருந்தால் பூஜ்யங்கள் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். சில எஸ்எஸ்டி கன்ட்ரோலர்களும் தங்களுக்குள்ளேயே கம்ப்ரஸ் செய்தவைதான். அங்கே டிடி காட்டும் வேகத்தைப் பார்த்து டிஸ்க் வாங்கியவர் பாவம்.

எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்தாலும் டிடி ஒரு திரெட்டில், வரிசையாக, ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்யும். பேக்கப் எடுக்கும் சர்வர், வீடியோ ஃபைல்கள் வைத்திருக்கும் சர்வர் என்றால் அது உண்மைக்கு நெருக்கம். டேட்டாபேஸுக்கும் மெயில் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை.

எச்டிபார்ம் பற்றி ஒரு பத்தி போதும். பெரிய டி ஆப்ஷன் மெமரியின் வேகத்தைக் காட்டும், சிறிய டி டிஸ்க்கிலிருந்து சில விநாடிகள் வரிசையாகப் படித்துக் காட்டும். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முதல் எண்ணை டிஸ்க்கின் வேகம் என்று ரிப்போர்ட்டில் எழுதியவர்களை எனக்குத் தெரியும். சிறிய டியும் டிஸ்க்கின் தொடக்கத்தில்தான் படிக்கும்; ஹார்ட் டிஸ்க்கில் தொடக்கம் என்பது தட்டின் வெளி ஓரம், அதாவது மிக வேகமான இடம். ரைட்டை அது தொடுவதே இல்லை. புதிதாக மாட்டிய டிஸ்க் சரியான வேகத்தில் இணைந்திருக்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஐஓபிங்: மோப்பம் பிடிக்க

நெட்வொர்க்குக்கு பிங் எப்படியோ டிஸ்க்குக்கு ஐஓபிங் அப்படி. விநாடிக்கு ஒரு முறை 4 கேபி படிக்கிறது, எவ்வளவு நேரமாயிற்று என்று ஒரு வரி எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் சர்வரில் தைரியமாக ஓட்டலாம், சுமையே தெரியாது. எனக்கு இதில் பிடித்தது சராசரி எண் அல்ல, அந்த வரிகள்தான். 200 மைக்ரோ விநாடி, 210, 190 என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் 340 மில்லி விநாடி என்று ஒரு வரி வந்தால் மணியைப் பாருங்கள். அடுத்த நிமிடத்தின் அதே விநாடியிலும் அது வந்தால் கிரான் வேலை (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) எதையாவது பிடிக்கலாம். பகிர்ந்த ஸ்டோரேஜில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு டைரக்டரியைக் காட்டினால் அது வெறும் 1 எம்பிக்கு ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி அதற்குள்தான் சுற்றும். ஹார்ட் டிஸ்க்கில் தலை நகரவே தேவையிருக்காது, ரெய்டு கன்ட்ரோலரின் கேஷுக்குள் மொத்தமும் அடங்கிவிடும். அளவைக் கூட்டிச் சொல்லுங்கள். ரைட் சோதனைக்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டிஸ்க்கையே நேராகக் காட்டி அதை ஓட்டினால் உள்ளே இருப்பது அழியும்.

சிஸ்பெஞ்ச், போனி இத்யாதி

சிஸ்பெஞ்ச் டேட்டாபேஸ் சோதனைக்குப் பெயர் போனது, கூடவே ஃபைல் சோதனையும் வைத்திருக்கிறது. தயார் செய், ஓட்டு, சுத்தம் செய் என்று மூன்று படி. சொல்லாமல் விட்டால் 128 ஃபைல்களில் மொத்தம் 2 ஜிபி உருவாக்கும். இன்றைய சர்வரில் 2 ஜிபி என்பது ரேமின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே மறுபடியும் ரேம் சோதனை. அளவை மாற்றி, டைரக்டையும் போட்டால் நியாயமான கருவிதான். ஏற்கெனவே உங்கள் குழு சிஸ்பெஞ்சில் வருடக்கணக்கில் எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்றால் அதிலேயே தொடருங்கள். பழைய எண்ணோடு ஒப்பிட முடிவது பெரிய விஷயம்.

போனி பிளஸ் பிளஸ் வயதானது, ஆனால் நேர்மையானது. ரேமைப் போல இரண்டு மடங்கு அளவு ஃபைல் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஒரு சோதனை அரை விநாடிக்குள் முடிந்துவிட்டால் எண்ணே தராமல் பிளஸ் குறிகளை வரிசையாக அச்சிடும்: இதை நம்பாதே என்று அர்த்தம். மற்ற கருவிகளுக்கும் இந்த வெட்கம் இருந்தால் எத்தனை தப்பான ரிப்போர்ட்டுகள் குறைந்திருக்கும்! ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்களை உருவாக்கி, அழித்து அளப்பது இதன் தனிச் சிறப்பு. ஃபைலுக்கு ஒரு மடல் வைக்கும் மெயில் சர்வருக்கு உதவும்.

ஃபியோ: சுவிட்சுகள் நிறைந்த பெட்டி

ஃபியோவை எழுதியவர் யென்ஸ் ஆக்ஸ்போ. லினக்ஸ் கெர்னலில் டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்கைப் பராமரிப்பவர், 2019இல் கெர்னலுக்குள் வந்த, கோரிக்கைகளைக் கூட்டாக அனுப்பும் ஐஓ யூரிங்கை உருவாக்கியவரும் அவரே. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் செய்த கருவி என்பது ஒவ்வொரு ஆப்ஷனிலும் தெரியும். பிளாக் அளவு, ரீட்-ரைட் விகிதம், க்யூ டெப்த், எத்தனை ப்ராசஸ், எத்தனை ரைட்டுக்கு ஒரு சிங்க், எவ்வளவு நேரம் என எல்லாவற்றையும் சொல்லலாம். ஐஓஸ்டாட்டில் பார்த்த உங்கள் சர்வரின் நடத்தையை ஏறக்குறைய அப்படியே வரைந்து காட்டலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் 8 கேபி, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்றால் 16 கேபி என்று பிளாக் அளவை வைக்கலாம். மற்ற கருவிகளால் இது முடியாது, அல்லது அரைகுறையாகத்தான் முடியும்.

சுவிட்சு அதிகமானால் தப்பாகப் போடவும் வாய்ப்பு அதிகம். நான் மிதித்த கண்ணிகளைச் சொல்கிறேன்.

க்யூ டெப்த் 32 என்று கொடுத்தேன், ஐஓபிஎஸ் ஏறவே இல்லை. காரணம், லினக்ஸில் ஃபியோ தானாக எடுத்துக்கொள்ளும் எஞ்சின் (டிஸ்க்குக்குக் கோரிக்கை அனுப்பும் முறை) ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். அதில் டெப்த்தை எவ்வளவு ஏற்றினாலும் பலன் பூஜ்யம், புகாரும் சொல்லாது. லிபாயோ அல்லது ஐஓ யூரிங் எஞ்சினைக் கேட்டு வாங்க வேண்டும். லிபாயோவை எடுத்தால் டைரக்டையும் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஒன்றொன்றாகத்தான் நகரும். உண்மையில் வரிசை நின்றதா என்பதை வெளியீட்டின் அடியில் டெப்த் பங்கீடு என்று வரும் வரியில் சரிபாருங்கள். 1க்கு நேரே 100 விழுக்காடு என்றிருந்தால் நீங்கள் நினைத்தது நடக்கவில்லை.

நேரத்தை 60 விநாடி என்று மட்டும் சொன்னால் ஃபைலின் அளவு முடிந்ததும் ஃபியோ நின்றுவிடும், அது எட்டாவது விநாடியாக இருந்தாலும். நேரம் முடியும்வரை திரும்பத் திரும்ப ஓடச் சொல்லத் தனி ஆப்ஷன் இருக்கிறது. தொடக்கத்தின் தடுமாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட ராம்ப் நேரம் என்று ஒன்றும் உண்டு.

இணையத்தில் எல்லோரும் நகலெடுத்து ஒட்டும் ஒரு ஃபியோ கட்டளை இருக்கிறது: 4 கேபி, டெப்த் 64, 4 ஜிபி ஃபைல், 75 விழுக்காடு ரீட். நீங்களும் ஓட்டியிருப்பீர்கள். அதற்குள் மணி பார்ப்பதைக் குறைக்கும் ஓர் ஆப்ஷன் ஒளிந்திருக்கிறது. அது இருந்தால் தாமதக் கணக்கு முழுவதும் காணாமல் போகும். ஃபியோவை எதற்காக எடுத்தோமோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐஓபிஎஸ்ஸை மட்டும் பார்க்கிறோம்.

தாமதம் ஏன் முக்கியம், அதிலும் சராசரி ஏன் போதாது? ஒரு பக்கத்தைக் காட்ட அப்ளிகேஷன் 20 முறை டிஸ்க்கைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு ரீட் மட்டும் மெதுவாக இருந்தாலும், அந்த 20இல் ஒன்றாவது மெதுவாக மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 18 விழுக்காடு. ஐந்தில் ஒரு பயனர் முணுமுணுப்பார். சராசரியோ அழகாகவே இருக்கும். ஃபியோ 99, 99.9, 99.99ஆம் சதமானங்களைத் தனியே அச்சிடுகிறது. 99ஆம் சதமானம் என்றால் நூறில் 99 கோரிக்கைகள் அந்த நேரத்துக்குள் முடிந்தன என்று பொருள். நான் முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

என் சர்வருக்குத் திரும்புகிறேன். கமிட் மெதுவாகிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சின்னதாக எழுதி, டிஸ்க் 'பத்திரமாக வைத்தேன்' என்று சொல்லும்வரை எவ்வளவு நேரம்? எட்சிடி (பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல் கிடங்கு) பயன்படுத்துபவர்களிடையே இதற்கென்றே பழகிப்போன ஒரு ஃபியோ சோதனை இருக்கிறது. 2,300 பைட் துண்டுகளாக 22 எம்பி எழுது, ஒவ்வொரு துண்டுக்கும் எஃப்டேட்டாசிங்க் செய். அதன் 99ஆம் சதமானம் 10 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது எட்சிடியின் எதிர்பார்ப்பு. எனக்குத் தேவையானதும் அதேதான், டேட்டாபேஸ் மட்டும் வேறு. ஓட்டினேன். வெளியீட்டில் வழக்கமான ரைட் தாமதம் என்ற பகுதி முதலில் வரும். அங்கே எல்லாம் சில மைக்ரோ விநாடிகள், ஏனென்றால் அது பேஜ் கேஷுக்குப் போகும் நேரம். அதைத் தாண்டிக் கீழே போனால் சிங்க் சதமானங்கள் என்று தனியாக வரும். அங்கே 99க்கு நேராக 30 மில்லி விநாடிக்கு மேல் நின்றது. டிடி விநாடிக்கு 1.6 ஜிபி என்று சொன்ன அதே டிஸ்க்.

போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்கள் ஃபியோ வரை போகாமலே இதைப் பார்க்கலாம். அதனுடன் வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்னக் கருவி, 8 கேபி எழுதி ஒவ்வொரு சிங்க் முறையையும் 5 விநாடி ஓட்டி, விநாடிக்கு எத்தனை முறை என்று சொல்லிவிடும். மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் 'வால்' (WAL) பதிவேட்டைத் தனி டிஸ்க்கில் வைத்திருந்தால் சோதனை ஃபைலையும் அந்த டிஸ்க்கில் வைக்கச் சொல்ல வேண்டும்.

சரியான கருவியும் ஏமாறும் இடங்கள்

விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் ஃப்ளாஷின் ஒரு பகுதி வேகமான எஸ்எல்சி கேஷாக வேலை செய்யும். அது நிரம்பும்வரை ரைட் பறக்கும், நிரம்பியதும் பொத்தென்று விழும். ஒரு நிமிடச் சோதனை அந்தத் தேனிலவை மட்டுமே பார்க்கும். சேமிப்புத் துறையின் கூட்டமைப்பான எஸ்என்ஐஏவின் சோதனை விதிமுறை, டிஸ்க்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு எழுதிப் பழக்கிய பிறகு, எண்கள் நிலைத்து நிற்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. வீட்டுப்பாடம் போல இருக்கும், ஆனால் வாங்கும் முடிவுக்கு அதுதான் நியாயம்.

ரீட் சோதனையில் நேர் எதிரான பொறி. இதுவரை எழுதப்படாத பகுதியைப் படிக்கச் சொன்னால் பல எஸ்எஸ்டிகள் ஃப்ளாஷைத் தொடாமலே பூஜ்யத்தைத் திருப்பிவிடும். படிக்கும் முன் ஒரு முறை முழுக்க எழுதி வையுங்கள்.

கிளவுட் டிஸ்க் தனிக் கதை. அமேசானின் ஜிபி2 வகை டிஸ்க்குக்கு ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் என்று அடிப்படை. 100 ஜிபி எடுத்தால் 300தான். ஆனால் கணக்கில் 54 லட்சம் கிரெடிட் நிரப்பித் தருகிறார்கள். அது தீரும்வரை 3,000 வரை ஓடலாம். கணக்குப் போட்டால் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம். நீங்கள் பத்து நிமிடம் ஃபியோ ஓட்டி 3,000 என்று எழுதிக்கொள்வீர்கள். சர்வரோ நள்ளிரவு பேக்கப்பின் முப்பத்து நான்காவது நிமிடத்தில் 300க்கு இறங்கி மூச்சுத் திணறும். பின்னால் வந்த ஜிபி3யில் அளவு எதுவானாலும் 3,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி என்று நிலையாகக் கிடைக்கிறது, கிரெடிட் விளையாட்டு இல்லை. இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கக் குறுகிய பெஞ்ச்மார்க்கை நம்பினால் ஜிபி2 நன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று: ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டிஸ்க்கின் ஒரு கண நேர நகலிலிருந்து) உருவாக்கிய வால்யூமில் ஒவ்வொரு பிளாக்கும் முதன்முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து இறங்கி வரும். முதல் சோதனை மகா மோசமாக இருக்கும், இரண்டாவது நன்றாக இருக்கும். செட்டிங் மாற்றியதால்தான் வேகம் வந்தது என்று பெருமைப்பட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

அளந்த பிறகு

டியூனிங் என்று வரும்போது கருவியைவிடப் பொறுமைதான் வேலை செய்யும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், ஒவ்வொரு நிலையையும் மூன்று முறையாவது ஓட்டுங்கள். டிஸ்க் கோரிக்கைகளின் வரிசையை முடிவு செய்யும் ஐஓ ஷெட்யூலரை மாற்றி 4 விழுக்காடு முன்னேற்றம் கண்டு ஒரு முறை மகிழ்ந்தேன். எதையுமே மாற்றாமல் திரும்ப ஓட்டினால் 6 விழுக்காடு கூடக்குறைய வந்தது. மகிழ்ச்சியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஷெட்யூலர் என்றதும் பழைய குறிப்புகள் பலவும் நூப் போடு, டெட்லைன் போடு என்று சொல்லும். லினக்ஸ் 5.0இலேயே அந்தப் பழைய வரிசை முறை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது நன் (ஷெட்யூலரே வேண்டாம்), எம்க்யூ டெட்லைன், பிஎஃப்க்யூ, கைபர் ஆகியவைதான். என்விஎம்இயில் நன் என்றே விட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் எம்க்யூ டெட்லைன் கண்கூடாக உதவும். கேட்கும் முன்பே அடுத்த பகுதியைப் படித்து வைக்கும் ரீட்-அஹெட் 128 கேபியில் இருக்கும். பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிக்கும் சர்வரில் கூட்டிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் டைரக்ட் போடக் கூடாது, ஏனென்றால் ரீட்-அஹெட் வேலை செய்வதே பேஜ் கேஷ் வழியாகத்தான். டைரக்ட் போட்டுவிட்டு ரீட்-அஹெட்டால் பயனில்லை என்று சாதித்தவரோடு நான் வாதம் செய்திருக்கிறேன்.

போஸ்ட்கிரஸில் ரேண்டம் பேஜ் காஸ்ட் என்ற செட்டிங் 4 என்று வருகிறது. ரேண்டமாகப் படிப்பது வரிசையாகப் படிப்பதைவிட நாலு மடங்கு செலவு என்று, கொயரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானருக்குச் சொல்லும் எண் அது. எஸ்எஸ்டியில் ஃபியோவை இரண்டு விதமாகவும் 8 கேபியில் ஓட்டிப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. 1.1 வரை இறக்கி வைப்பவர்கள் நிறைய. பெஞ்ச்மார்க் எண் நேரடியாக ஒரு செட்டிங்காக மாறும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

கடைசியாக ஒரு பயமுறுத்தல். ஃபியோவுக்கு ஃபைல் பெயருக்குப் பதிலாக டிஸ்க்கின் பெயரையே கொடுத்து ரைட் சோதனை ஓட்டினால், கேள்வி கேட்காமல் ஃபைல் சிஸ்டத்தின் மேலேயே எழுதித் தள்ளிவிடும். காலி டிஸ்க்கில் அது சரியான முறை, தூய எண் கிடைக்கும். மற்ற எல்லா இடத்திலும் மவுண்ட் செய்த டைரக்டரிக்குள் ஒரு ஃபைலைக் காட்டுங்கள். வரும் எண்ணில் ஃபைல் சிஸ்டத்தின் பங்கும் கலந்திருக்கும், அதுதான் உங்கள் அப்ளிகேஷனுக்கும் கிடைக்கப்போவது.

என் சர்வரின் கோளாறு ஒரு கெபாசிட்டரில் முடிந்தது. சர்வருக்கென்று செய்யப்படும் எஸ்எஸ்டிகளில் மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அந்த தைரியத்தில் சிங்க் கேட்டதும் டிஸ்க் உடனே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். எங்களுடையது மேசைக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க்; ஒவ்வொரு சிங்க்குக்கும் ஃப்ளாஷில் எழுதி முடித்துவிட்டே பதில் சொன்னது. புதிய டிஸ்க் வரும்வரை, போஸ்ட்கிரஸில் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்து வைத்தோம். கரன்ட் போனால் கடைசி அரை விநாடி, முக்கால் விநாடி கமிட்டுகள் தொலையலாம், ஆனால் டேட்டாபேஸ் கெடாது. அதைத் தொடர்புடைய எல்லோரிடமும் சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். புது டிஸ்க்கை மாட்டியதும் அதே 2,300 பைட் சோதனையை ஓட்டினேன். 99ஆம் சதமானம் ஒரு மில்லி விநாடிக்கும் கீழே வந்தது. அணைத்ததைத் திரும்ப ஆன் செய்தேன். ஆசைக்கு டிடியையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்: விநாடிக்கு 1.6 ஜிபி.